ஆக்‌ஷன் என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறதே!

கேள்வி: நண்பர்கள் எடுக்கும் குறும்படத்தில் எனக்கு அம்மா வேடம். சிங்கப்பூர் ஈசூனில் ஒரு புளோக்கின் வாய்ட் டெக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த தரைத்தளத்தில்) படப்பிடிப்பு. ஒத்திகையில் நன்றாகப் பேசுகிறேன், கேமரா ஓடினால் வாய் உலர்ந்துபோகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: முதலில், இது உங்கள் நடிப்பின் குறை இல்லை. பயந்தால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், உமிழ்நீர் குறையும், எல்லாருக்கும் அப்படித்தான். பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு இரண்டாவது கோப்பி வேண்டாம். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், படபடப்பு கொஞ்சம் இறங்கும்.

அப்புறம், கைக்கு ஒரு வேலை கேட்டு வாங்குங்கள். நான் முதன்முதலில் நடித்தபோது கை நடுங்கியது, இயக்குநர் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொடுத்து ஆயச் சொன்னார், இலையை உருவிக்கொண்டே மகனைத் திட்டும் வசனத்தைப் பேசினேன், கேமரா இருப்பதே மறந்துவிட்டது. ஆனால் எந்த வார்த்தையில் எந்தக் காம்பை எடுத்தீர்கள் என்பது நினைவிருக்கட்டும், வேறு கோணத்தில் எடுக்கும்போதும் அதே மாதிரி செய்தால்தான் எடிட்டிங்கில் ஒட்டும்.

‘கட்’ என்றாலே நம்மால்தான் என்று நினைக்காதீர்கள். ஈசூனில் எம்ஆர்டி ரயில் மேம்பாலத்தில் ஓடுகிறது, அந்தச் சத்தத்துக்கும் கட் சொல்வார்கள். முடிந்தால் குளோசப்பைக் கடைசியில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்குள் வசனம் வாயில் பழகிவிடும்.