பதில்: தந்தையின் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாருக்கு மறுபூச்சு தேவையா?

தயவுசெய்து பெயின்ட் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். விற்பதற்கு முன் பூச்சிலுள்ள வெடிப்புகளை மறைத்து, கரகரக்கும் வால்யூம் கண்ட்ரோலையும் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம்.

நீங்கள் சொல்லும் மெல்லிய கோடுகள், நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற மெருகுப் பூச்சு வயதாகும்போது இயல்பாக விழுபவை. மரம் சுருங்கி விரியும். இறுகிப்போன பூச்சு அதற்கு ஈடுகொடுக்காது. அந்தக் காலத்து ஃபெண்டர் நிறுவனக் கிடாரில் அசல் பூச்சு போய்விட்டால், மதிப்பில் பாதி வரைகூடப் போய்விடும்.

கரகரப்பு பெரும்பாலும் தூசிதான். பிக்கார்டை (முகப்பிலுள்ள பிளாஸ்டிக் தகடு) கழற்றி, கண்ட்ரோலின் உள்ளே காண்டாக்ட் கிளீனரை (மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) சிறிதளவு அடித்து, குமிழை இருபுறமும் பலமுறை திருகுங்கள். திறந்திருக்கும்போதே அதன் முதுகிலுள்ள எண்ணைப் படம் எடுங்கள். 1376633 என்றிருந்தால், 137 என்பது கண்ட்ரோலைத் தயாரித்த சிடிஎஸ் நிறுவனத்தின் குறியீடு. அடுத்த 66, 33 இரண்டும் அது தயாரான காலம்: 1966, 33ஆவது வாரம். ஃபெண்டர் 1966இல் வாங்கிக் குவித்த கண்ட்ரோல்களைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. ஆகவே கிடார் அதற்கு முந்தியதல்ல என்பதற்கு மட்டுமே இது சான்று. கழுத்தின் அடியிலுள்ள தேதி முத்திரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கம்பிகளை இணைக்கும் பழைய ஈயப்பற்றைத் தொடாதீர்கள். கை படாத பற்றுக்கும் வாங்குபவர்கள் விலை தருவார்கள்.

ரப்பர் பூசிய ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், அது லாக்கரை உருக்கிவிடும். பெட்டியையும் பழைய ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். எண்ணின் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.