படக் கோப்பு 6 எம்பியில் வராது

கேள்வி: அண்ணே, வெள்ளிக்கிழமை இரவு டெலிகிராமில் யாரோ போட்டிருந்த புதுப் பட லிங்க்கை என் மகன் தட்டினான். 'இந்த பிளேயரை இறக்கினால்தான் படம் ஓடும்' என்று வந்தது. என் கைப்பேசியில் இறக்கினோம். படம் ஓடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வங்கியிலிருந்து ஏதோ குறுஞ்செய்தி வந்தது, படிப்பதற்குள் காணவில்லை. பணம் இன்னும் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. திருட்டுப் படம் பார்க்கப் போய் இப்படி ஆனது என்று வங்கியிடம் எப்படிச் சொல்வது?
- வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: சகோதரி, உங்கள் புலன (வாட்ஸ்அப்) செய்தியைப் பார்த்த உடனேயே போன் செய்து பேசிவிட்டேன். மறுநாள் நீங்களும் பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி, லிட்டில் இந்தியாவில் இருக்கும் என் கடைக்கு வந்துவிட்டீர்கள். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

உங்கள் மகன் இறக்கிய கோப்பு 6 எம்பி. எவ்வளவு சுருக்கினாலும் ஒரு முழுப் படம் சில நூறு எம்பி இருக்கும். பெயரின் வாலையும் பாருங்கள். படம் என்றால் எம்பி4 (.mp4), எம்கேவி (.mkv) என்று முடியும். இது ஏபிகே (.apk) என்று முடிந்தது. ஏபிகே என்றால் செயலி. உள்ளே வந்ததும் குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தீர்கள். அப்புறம் 'அணுகல்தன்மை' அனுமதி கேட்டது, அதையும் கொடுத்தீர்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டுவது போன்ற உதவிகளுக்காக வந்த வசதி அது. அது கைக்குக் கிடைத்தால், திரையில் இருப்பதைப் பார்க்கவும் உங்களுக்குப் பதிலாகப் பொத்தான் அழுத்தவும் அந்தச் செயலியால் முடியும். வங்கியின் குறுஞ்செய்தி மறைந்ததற்கும் அதுதான் காரணம்.

பணம் ஏன் தப்பியது? புதுக் கருவியில் இணைய வங்கியைப் பதிந்தால் சிறிது நேரம் காத்திருக்க வைக்க வேண்டும் என்று 2022 செப்டம்பரில் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சொன்னது. உங்கள் கணக்கைத் தன் கருவியில் பதியும் திருடனும் அந்த நேரம் காத்திருக்கத்தான் வேண்டும். உங்களுக்குக் கிடைத்தது அந்த இடைவெளிதான். அதைக் கூச்சத்தில் கழித்துவிடக் கூடாது.

பாயான் பாருவிலிருந்து ஒரு பெரியவர் என் கடைக்கு வந்தார். இதே மாதிரி லிங்க், இதே மாதிரி பிளேயர். மகளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள் என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை கணக்கில் 11,000 ரிங்கிட் இல்லை. அவர் என் கடை நாற்காலியில் உட்கார்ந்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை. பணம் போனதைவிட, சனிக்கிழமையே சொல்லியிருக்கலாமே என்றுதான் அதிகம் அழுதார்.

ஆகவே முதலில் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொருவர் போனில் வங்கியின் மோசடிப் புகார் எண்ணை அழைத்து, 'தெரியாத ஏபிகே ஏற்றிவிட்டேன், இணையக் கணக்கை முடக்குங்கள்' என்று சொன்னால் போதும். என்ன படம் பார்க்கப் போனீர்கள் என்பது அவர்களுக்குத் தேவையில்லை. பணம் போயிருந்தால் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையும் உடனே அழையுங்கள், போலீஸ் புகாரும் கொடுங்கள். அதற்கு முன் கைப்பேசியில் இருப்பதை அழித்துவிடாதீர்கள். அந்த லிங்க்கையும் செயலியின் பெயரையும் இன்னொரு போனில் படம் எடுத்து வையுங்கள். எல்லாம் முடிந்த பிறகு முழுவதும் அழித்து, கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

மகனைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை உங்களிடமும் மறைப்பான். தமிழ்ப் படங்கள் பலவும் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன, அதுவரை பொறுக்கலாம் என்று அவனுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே தடவை காசு கட்டினால் எல்லாப் படமும் வரும் என்று ஒரு ஆண்ட்ராய்டு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம் தம்பி. 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, திருட்டு ஒளிபரப்புக்கான இத்தகைய பெட்டிகளை விற்பவருக்கு 10,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இது விற்பவன் கவலை. உங்கள் கவலை வேறு. பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகள் பலவற்றில் தொழிற்சாலையிலிருந்தே கெட்ட மென்பொருள் ஏறி வருகிறது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதை 'பேட்பாக்ஸ் 2.0' என்று பெயர் சொல்லியே எச்சரித்தது. அந்தப் பெட்டி உங்கள் வீட்டு வைஃபையில் உட்கார்ந்துகொண்டு, யாரோ செய்யும் குற்றங்களுக்கு உங்கள் இணைப்பை வழியாகக் கொடுக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், இன்றே வைஃபையிலிருந்து துண்டித்துவிட்டு வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.