ஊசிக்குக் காத்திருக்கலாமா, இம்ப்ளான்ட் வைத்துவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 14 மாதம் ஆகிறது. பிறந்த மூன்றாம் நாள் காதில் சின்னக் கருவி ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு ‘பாஸ்’ என்றார்கள். ஆனால் குக்கர் விசில் அடித்தால்கூட அவன் திரும்புவதில்லை. போன மாதம் காது நரம்புக்கான பெரா பரிசோதனை எடுத்ததில் இரண்டு காதிலும் அலையே வரவில்லை. ஆபரேஷன் செய்து உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கச் சொல்கிறார்கள். பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைக்கு ஒரே ஊசியில் கேட்க ஆரம்பித்ததாக யூடியூபில் பார்த்தோம். அதற்காகக் காத்திருக்கலாமா? என் கணவர் எனக்குச் சொந்தத் தாய்மாமன். அவருடைய சித்தப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இப்போது மாலைக்கண்ணும் சேர்ந்து, இருட்டில் மொபெட் ஓட்டி இரண்டு முறை விழுந்துவிட்டார். என் மகனுக்குக் கண்ணும் போய்விடுமோ?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: காத்திருக்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள்.

யூடியூபில் நீங்கள் பார்த்தது பொய் இல்லை. ஆனால் அது எல்லோருக்குமான ஊசியும் இல்லை. பிறவிக் காது கேளாமைக்குக் காரணமாகக்கூடிய ஜீன்கள் நூற்றுக்கும் மேலே உண்டு. அதில் ஓடிஓஎஃப் என்கிற ஒரு ஜீன் பழுதான பிள்ளைகளுக்குத்தான் அந்தச் சிகிச்சை. பழுதில்லாத ஜீனை வைரஸில் ஏற்றி உள்காதுக்குள் செலுத்துவார்கள். ஷாங்காயில் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவமனையில் 6 பிள்ளைகளுக்கு ஒரு காதில் மட்டும் போட்டுப் பார்த்தார்கள். 2024 ஜனவரியில் வெளியான முடிவின்படி 5 பேருக்குக் காது கேட்கத் தொடங்கியிருந்தது, ஒரு பிள்ளைக்குப் பலன் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த ‘பாஸ்’தான். பிறந்த குழந்தைக்குச் செய்யும் அந்தப் பரிசோதனைக்கு ஓஏஇ என்று பெயர். நல்ல காது, சத்தம் உள்ளே வந்ததும் தானும் ஒரு மெல்லிய சத்தத்தைத் திருப்பி அனுப்பும். கருவி பிடிப்பது அந்த எதிரொலியைத்தான். அதை அனுப்புவது உள்காதில் வெளி வரிசையில் இருக்கும் ரோம செல்கள். உள் வரிசை ரோம செல்களிலிருந்து நரம்புக்குச் சேதி போகிறதா என்பதை ஓஏஇ பார்ப்பதே இல்லை. பெரா அதைப் பார்க்கும். குழந்தையைத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டி, டிக் டிக் என்று சத்தம் கொடுத்தார்களே, அப்போது திரையில் வரவேண்டிய அலை நரம்பு எழுதுவது. உங்கள் பையனுக்கு அந்தக் கோடு நேராகவே ஓடியிருக்கிறது.

ஓஏஇ பாஸ், பெராவில் அலை இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டியவற்றில் ஓடிஓஎஃப் ஒன்று. மைக் வேலை செய்கிறது, ஸ்பீக்கரும் நன்றாக இருக்கிறது, நடுவில் வயர் கழன்றுகிடக்கிறது என்பதுபோல. உள் வரிசை ரோம செல் பிடித்த சத்தத்தை நரம்புக்குக் கைமாற்ற ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் வேண்டும். அதைத் தயாரிக்கும் ஜீன்தான் இது. ஆனால் பிறந்தபோது மஞ்சள் காமாலை கடுமையாக இருந்தாலும், குறைமாதத்தில் பிறந்திருந்தாலும், காது நரம்பே சரியாக வளராமல் இருந்தாலும் இதே படம் வரலாம். நரம்பு இருக்கிறதா என்பது எம்ஆர்ஐயில் தெரிந்துவிடும். இம்ப்ளான்ட்டுக்கு முன் அதை எப்படியும் எடுப்பார்கள்.

இனி சித்தப்பா. பிறவியில் காது கேளாமை, பின்னால் மாலைக்கண் என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அஷர் சிண்ட்ரோம். அதன் முதல் வகையில் உள்காதின் சமநிலையும் கெட்டிருக்கும். அதனால் பிள்ளை தாமதமாக உட்காரும், ஒன்றரை வயது தாண்டித்தான் நடக்கும். உங்கள் மகன் எந்த மாதத்தில் உட்கார்ந்தான் என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். அஷரில் ரோம செல்லே கெட்டிருக்கும் என்பதால் ஓஏஇ பொதுவாகப் பாஸ் ஆகாது. அந்த ‘பாஸ்’ உண்மையானதுதானா என்று ஓஏஇயை இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். இப்போது வராவிட்டாலும் குழம்ப வேண்டாம், ஓடிஓஎஃப் பிள்ளைகளுக்கும் வளர வளர அது மறைவதுண்டு.

கடைசியில் இதற்கு விடை ஜீன் பரிசோதனையில்தான். குழந்தையிடமும் உங்கள் இருவரிடமும் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். முடிந்தால் சித்தப்பாவின் ரத்தத்தையும் கொடுங்கள். தாய்மாமனைக் கட்டியதால்தான் இப்படி என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரே குடும்பத்துப் பழுதான ஜீன் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு சொந்தத்தில் கூடுதல் என்பது உண்மை. அதற்காக இது உங்கள் குற்றம் ஆகிவிடாது. அப்படி வந்ததுதான் என்று தெரிந்தால், அடுத்த ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கும். அப்போது இந்த அறிக்கைதான் கைகொடுக்கும்.

கண்ணுக்கும் ஜீன் சிகிச்சை இருக்கிறது. லக்ஸ்டர்னா என்ற அந்த மருந்தை அமெரிக்கா 2017 டிசம்பரில் அனுமதித்தது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து விலை 8,50,000 டாலர் என்று வைத்தார்கள்! அது ஆர்பிஇ65 என்ற வேறொரு ஜீனுக்கானது, அஷருக்கு உதவாது. ஜீனைச் சுமந்துபோகும் வைரஸில் சுமார் 4,700 டிஎன்ஏ எழுத்துக்குத்தான் இடம். ஓடிஓஎஃப் சுமார் 6,000 எழுத்து என்பதால் இரண்டாகப் பிரித்து இரண்டு வைரஸில் ஏற்றுகிறார்கள். அஷரின் ஒரு வகைக்குக் காரணமான யுஎஸ்ஹெச்2ஏ 15,000 எழுத்துக்கும் மேல். சின்ன யானையில் லாரி லோடு ஏற்றுகிற கதை.

சரி, ஊசி வரும்வரை பொறுத்தால் என்ன? 2023இல் அமெரிக்காவில் 11 வயதுப் பையன் ஒருவனுக்கு இந்தச் சிகிச்சை செய்தார்கள். கேட்கத் தொடங்கினான். ஆனால் பேச்சு அவனுக்கு வராமலே போகலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள், மூளை பேச்சைப் பழகுகிற வயது தாண்டிவிட்டிருந்தது. உங்கள் பையனுக்கு அந்த வயது இப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடிஓஎஃபாகவே இருந்தாலும் நரம்பு நன்றாக இருப்பதால் இம்ப்ளான்ட் நன்றாகவே வேலை செய்யும். அஷர் என்றால் இன்னும் அவசரம், பின்னால் பார்வை குறையும்போது அவனுக்குத் துணை காதுதான். ஒரு காதில் வைத்தாலும் மறு காது அப்படியேதான் இருக்கும். ஒரு காதில் இம்ப்ளான்ட் உள்ள பிள்ளைகளுக்கு மறு காதில் ஊசி போட்டும் பார்த்திருக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இம்ப்ளான்ட் வைக்க வழி உண்டு. வைத்த பிறகு பேச்சுப் பயிற்சிக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும், அதற்கு இப்போதே ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், சித்தப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பக்கவாட்டுப் பார்வை எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும்வரை, பகலோ ராத்திரியோ, மொபெட் சாவியை அவரிடமிருந்து வாங்கி வையுங்கள்.