அது 'மெக்ஸிகோக்காரங்க ஏரியா' அல்ல

கேள்வி: நியூயார்க்கில், குவீன்ஸ் பகுதியில் இருக்கும் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கப் போகிறேன். பக்கத்தில் ரூஸ்வெல்ட் அவென்யூ என்று ஒரு தெரு இருக்கிறதாம். "அது மெக்ஸிகோக்காரங்க ஏரியா, பார்க்க ஒன்றும் கிடையாது. 74-ஆம் தெருவில் நம்ம இந்தியக் கடைகள் இருக்கு, அது போதும்" என்கிறார்கள் அங்குள்ள நண்பர்கள். போகலாமா, கூடாதா?
— வாசகி ஒருவர், திருச்சி

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் 'மெக்ஸிகோக்காரங்க ஏரியா' என்கிற பேச்சை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். வடக்கே நெல்லூர்க்காரரையும் பாலக்காட்டுக்காரரையும் நாகர்கோவில்காரரையும் சேர்த்து 'மதராசி' என்றபோது நமக்குச் சுருக்கென்று இருந்ததே, அதையே நம் ஆட்கள் அங்கே போய்ச் செய்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அந்தத் தெரு ஒரு நாட்டுக்காரர்களுடையது அல்ல. அது ஓடுகிற ஜாக்சன் ஹைட்ஸ் என்ற பேட்டையில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டிய நிறுவனம் ஆரம்பத்தில் வெள்ளைப் புராட்டஸ்டன்ட் குடும்பங்களுக்குத்தான் இடம் கொடுத்தது. யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் கதவு மூடியிருந்தது. அதே பேட்டையில் பிற்பாடு கொலம்பியர்கள் குடியேறி, தங்கள் தலைநகர் பொகோட்டாவின் சாப்பினேரோ பகுதியை நினைத்து அதற்கு 'சாப்பினெரிட்டோ' என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். ஈக்வடாரில் 1999-இல் வங்கிகள் சரிந்து ஜனங்களின் சேமிப்பு முடங்கியது. மறு வருடமே சொந்த நாணயம் போய் அமெரிக்க டாலர் வந்தது. பிழைக்க வழியில்லாமல் கிளம்பியவர்களில் ஏராளமானவர்கள் வந்து இறங்கியது குவீன்ஸில். மெக்ஸிகர்களும் இருக்கிறார்கள், அவர்களில் நிறையப் பேருக்குப் பூர்விகம் புவேப்லா மாநிலம். பெரு, டொமினிகன் குடியரசு என்று இன்னும் உண்டு. வீட்டுக்குள் ஸ்பானிஷ்கூட இல்லாமல் கிச்சுவா, நாவாட்ல் என்ற பூர்வகுடி மொழிகள் பேசுகிற குடும்பங்களும் உண்டு.

சரி, எப்படிப் பார்ப்பது? 82-ஆம் தெரு ஸ்டேஷனில் இறங்கி, கிழக்கே 103-ஆம் தெரு வரை நடந்து போங்கள். தலைக்கு மேலே 7-ஆம் எண் ரயில் ஓடும். 1917-இல் போட்ட பாதை. இரும்புத் தூண்களுக்கு நடுவே வெயில் கோடு கோடாக விழும். ரயில் கடக்கும்போது கீழே எல்லாரும் பாதிப் பேச்சில் நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

முதலில் ஒரு கொலம்பிய பேக்கரிக்குள் நுழையுங்கள். 'பாந்தேபோனோ' என்று கேளுங்கள். மரவள்ளி மாவும் சீஸும் சேர்த்துச் சுட்ட உருண்டை, முட்டையும் சேர்ப்பார்கள். சூடாகப் பிய்த்தால் உள்ளே இழை இழையாக வரும், ஆறிவிட்டால் ரப்பர். மரவள்ளி நம் ஊர்க் கிழங்கு என்று நினைத்திருப்பீர்கள், அது அவர்கள் கண்டத்திலிருந்து வந்தது. மிளகாயும் கொய்யாவும் அப்படித்தான். அந்தக் காய்கறிக் கடைகளில் நீங்கள் அந்நியராக உணரவே மாட்டீர்கள்.

'போத்தானிகா' என்று போர்டு போட்ட கடைகள் வரும். மூலிகைகள், மெழுகுவர்த்திகள், புனிதர் சிலைகள் என்று நாட்டு மருந்துக்கடையும் பூஜைச் சாமான் கடையும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி இருக்கும். 'என்வியோஸ்' என்று எழுதியிருந்தால் அங்கே ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். துபாய்ப் பணத்தில் பிள்ளைகள் படித்த வீடுகள் திருச்சியைச் சுற்றி எத்தனை! அந்த வரிசையில் நிற்பவர் முகத்தை உங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

நீங்கள் சைவம் என்றால் ஒரு விஷயம். 'சின் கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். அது மட்டும் போதாது. பயறு வகைகளைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது உண்டு, அந்தக் கொழுப்பான 'மாந்தேகா' இருக்கிறதா என்றும் கேளுங்கள். இளஞ்சோளத்தில் சுட்டு சீஸ் வைத்த அரேப்பா என்ற ரொட்டி பெரும்பாலும் உங்களுக்குச் சரிப்படும். கொலம்பியாவின் மெதெயீன் நகரத்தில் நீதிபதியாக இருந்து, வன்முறைக்குத் தப்பி வந்த மரியா கானோ என்ற பெண்மணி, இந்த ரயில் பாதைக்குக் கீழேதான் பல வருஷம் இரவுகளில் தள்ளுவண்டியில் அரேப்பா சுட்டு விற்றார். 'அரேப்பா லேடி' என்று ஊரே அறிந்த பிறகுதான் சொந்தமாகக் கடை வைத்தார்.

எல்லாருக்கும் அந்தக் கடை கிடைத்துவிடவில்லை. சாப்பாட்டு வண்டிக்கான பெர்மிட் எண்ணிக்கைக்கு நகரம் 1980களில் உச்சவரம்பு போட்டது. விளைவு, கையில் பெர்மிட் வைத்திருப்பவரிடம் பல ஆயிரம் டாலர் கொடுத்து வாடகைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. 2021-இல் சட்டத்தைத் தளர்த்திய பிறகும் பிரச்சினை தீரவில்லை. 2023 ஜூலையில் 103-ஆம் தெரு ஸ்டேஷனை ஒட்டிய கொரோனா பிளாசா என்ற சதுக்கத்தில் விற்றுக்கொண்டிருந்தவர்களை நகர நிர்வாகம் அப்புறப்படுத்தியது. அதனால்தான் சொல்கிறேன், அங்கே ஒரு டாலருக்குப் பேரம் பேசாதீர்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள்; குடியேற்றக் காகிதம் இல்லாதவருக்கு அந்நியர் கையில் இருக்கும் கேமரா என்றால் பயம்.

இருட்டிய பிறகு சில தொல்லைகள் உண்டு என்று அங்கே வசிப்பவர்களே புகார் சொல்கிறார்கள். பகலிலேயே போய் வாருங்கள். தமால் என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை சாப்பிட ஆசையிருந்தால் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். அதை விடியற்காலையில் சோளத்தோகையில் சுற்றி வேகவைத்து, வேலைக்கு ஓடுகிறவர்களுக்காக ஸ்டேஷன் படிக்கட்டு ஓரமாகக் கொண்டுவருவார்கள். வேலைக்குப் போகிற கூட்டம் போய்விட்டால் பானையில் ஒன்றும் மிஞ்சாது.