சம்பளம் 20ஆம் தேதிக்கு மேல் நிற்கவில்லையா?

கேள்வி: எனக்கு 23 வயது. டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 18,500 ரூபாய் வருகிறது. அறை வாடகையும் மெஸ்ஸும் 7,500, வீட்டுக்கு 4,000, பஸ்ஸும் ரீசார்ஜும் 1,000. மீதி 20ஆம் தேதிக்கு மேல் நிற்பதில்லை. மாதம் 3,000 ரூபாய் கட்டும் சேமிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் சேமிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும் என்று வங்கியில் ஒருவர் சொல்கிறார். சேரலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அவர் காட்டும் தாளில் மேலே என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயராக இருக்கும். சேமிப்பு என்று சொல்லி விற்கப்படுவது பல ஆண்டுகள் கட்ட வேண்டிய எண்டோமென்ட் பாலிசி, அதாவது ஆயுள் காப்பீட்டையும் சேமிப்பையும் ஒன்றாகக் கட்டிய திட்டம். முதல் சில ஆண்டுகளில் நிறுத்தினால் கட்டிய பணம் முழுதாகத் திரும்பி வராது. அந்த ஊழியருக்கு மாத இலக்கு இருக்கிறது. சம்பளக் கணக்கு தொடங்க வரும் பையன்களைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். வங்கியை நம்பி வருகிறவர்களிடம் இப்படி விற்க இத்தனை வருடமாக எப்படி விட்டுவைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் இதைக் கவனமாகப் படியுங்கள். பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கலாம். மெயிலில் வந்தாலும் வந்த நாள்தான் கணக்கு. முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, அந்தச் சில நாள் காப்பீட்டுக்கான தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தாக வேண்டும். 'அடுத்த வாரம் வாங்க, மேனேஜர் லீவு' என்று நாளை இழுப்பார்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். 31ஆம் நாள் போனால் இந்த உரிமை கிடையாது.

சரி, பழக்கத்துக்கு வருவோம். உங்களிடம் மிஞ்சுவது 6,000 ரூபாய். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிப்போம் என்றால் ஒருநாளும் நடக்காது. சம்பளம் 7ஆம் தேதி வருகிறதா? 8ஆம் தேதி 1,500 ரூபாய் தானாகப் போகும்படி உங்கள் வங்கியிலேயே ஓராண்டு ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். ஒரு வருடத்தில் 18,000 ரூபாய். வட்டியோடு சேர்த்தால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அவசரம் என்றால் இடையிலேயே முடித்துக்கொள்ளலாம், வட்டி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அடுத்தது போனில் போகும் பணம். சமீபத்தில் ஒரு பையன் தன் வங்கி ஸ்டேட்மென்டை என்னிடம் நீட்டினான். டீ 12, பஜ்ஜி 30, ஜூஸ் 40 என்று பக்கம் பக்கமாக ஓடியது. ஒரு வரியைக்கூட வீண்செலவு என்று சொல்ல முடியாது. கூட்டிப் பார்த்தபோது அவனுக்கே நம்ப முடியவில்லை. ஸ்கேன் செய்கிறபோது பர்ஸ் இளைப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத இரண்டாவது கணக்கு ஒன்று தொடங்கி, யுபிஐ ஆப்பை அதோடு மட்டும் இணையுங்கள். சம்பளக் கணக்கை ஆப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். ஞாயிறுதோறும் 1,000 ரூபாய் மட்டும் அதற்கு மாற்றுங்கள். வியாழக்கிழமையே தீர்ந்தால் மூன்று நாள் சிரமப்படுங்கள். அந்தச் சிரமம்தான் கையைப் பழக்கும். மிஞ்சும் 500ஐ ஐந்து ஞாயிறு வரும் மாதங்களுக்கு வைத்திருங்கள்.

அந்த மூன்று நாளுக்காகக் கடன் ஆப் பக்கம் மட்டும் போகாதீர்கள். போனில் உள்ள எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு உறவினர்களை அழைத்து அவமானப்படுத்தும் ஆப்கள் இன்னும் உலவுகின்றன. அறை நண்பனிடம் 200 ரூபாய் கேட்பதில் எந்தக் கேவலமும் இல்லை.

வங்கிக்காரர் மறுபடி அழைத்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'மூன்றாம் ஆண்டு நிறுத்தினால் என் கைக்கு எவ்வளவு வரும்? எழுதிக் கொடுங்கள் சார்.'