புல்-அப்ஸ் 15 வருகிறது, மசில்-அப் மட்டும் ஏன் வரவில்லை?

புல்-அப்ஸ் 15 தாராளமாக எடுக்கிறேன், கையை ஊன்றி உடம்பை இறக்கித் தள்ளும் டிப்ஸும் வருகிறது, கம்பியில் தொங்கி ஒரே மூச்சில் இழுத்துக் கம்பிக்கு மேலேறிக் கையை ஊன்றி நிமிரும் மசில்-அப் முயன்றால் மட்டும் நெஞ்சு கம்பிக்குக் கீழேயே நின்றுவிடுகிறது, இன்னும் புல்-அப்ஸைக் கூட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூட்ட வேண்டாம். 15 போதும். அந்தப் பலத்தை எந்தப் பக்கம் செலுத்துகிறீர்கள் என்பதில்தான் வேலை இருக்கிறது.

எங்கள் ஊர் மைதானத்தில் ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் பையன்கள் விடிவதற்கு முன்பே வந்து பீம், அதாவது புல்-அப்ஸ், எடுப்பார்கள். முகாமில் 10 எடுத்தால் அதற்கான முழு மதிப்பெண் 40 கிடைத்துவிடும். இவர்களில் சிலர் 20-ஐத் தாண்டுவார்கள். அப்படிப்பட்ட பையன்களே மசில்-அப் என்றால் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். தாடை கம்பியைத் தாண்டியதும் இறங்கிவிட வேண்டும் என்றே அவர்கள் உடம்பு பழகியிருக்கிறது. எனக்கும் அதே கதைதான். அங்கே வரும் ஓர் அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "தம்பி, நீ மேல போறதப் பத்தி நெனைக்காத. கம்பிய உன் இடுப்புக்கு இழு" என்றார். எனக்கு விஷயம் பிடிபட்டது அந்தப் பேச்சில்தான்.

ஏன் என்று பாருங்கள். புல்-அப்பில் உடம்பு நேராக மேலே போகிறது. அப்படியே போனால் கம்பி நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே நிற்கும், அதைத் தாண்ட வழியில்லை. மசில்-அப்பில் உடம்பு முதலில் சற்றுப் பின்னால் சாய்ந்து, கம்பியை விட்டு விலகி மேலேறி, கம்பி நெஞ்சின் அடிப்பகுதிக்கு வந்த பிறகு தலையும் தோளும் முன்னால் பாய வேண்டும். காம்பவுண்டு சுவர் ஏறும்போது நெஞ்சைச் சுவருக்கு மேலே போட்டுவிட்டால் மீதி உடம்பு வந்துவிடும் இல்லையா, அதே கணக்கு. பின்னால் விலகி மேலே போகும் பாதையை உடம்பின் ஊஞ்சல் ஆட்டம் கொடுக்கும். கம்பிக்கு ஓரடி பின்னால் நின்று குதித்துப் பிடியுங்கள், உடம்பு தானாக முன்னே ஆடும். நெஞ்சு முன்னே போகட்டும், கால் பின்தங்கட்டும். ஆட்டம் முன்பக்க எல்லையைத் தொட்டுத் திரும்புகிற நொடியில் முழங்காலைச் சற்று உயர்த்திக்கொண்டே இழுங்கள். அந்த நொடிக்கு முன்னால் இழுத்தாலும் வீண், பின்னால் இழுத்தாலும் வீண். பலமே இல்லாத மாதிரி தோன்றும்.

அடுத்தது மணிக்கட்டு. இதைப் பலர் சொல்லித்தருவதே இல்லை. தொங்கும்போது விரல்கள் கம்பியைக் கொக்கி போட்டிருக்கின்றன, மேலே போய் டிப்ஸ் தள்ளும்போது உள்ளங்கையின் அடிப்பாகம் கம்பிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அதாவது நடுவில் எங்கோ கை கம்பியைச் சுற்றித் திரும்பியாக வேண்டும். கட்டைவிரலைக் கீழே வளைத்து இறுக்கிப் பிடித்தால் கை திரும்பாது. கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு கம்பிக்கு மேல்பக்கமே வைத்துப் பாருங்கள். இழுப்பின் உச்சியில் உடம்பு ஒரு கணம் எடையில்லாமல் மிதக்கும். பிடியைத் துளி தளர்த்தி மணிக்கட்டை முன்னால் மடிக்க வேண்டிய இடம் அதுதான். ஆட்டமே இல்லாமல் மெதுவாக எடுக்க ஆசைப்பட்டால் மணிக்கட்டை முன்கூட்டியே கம்பிக்கு மேல் மடித்துவைக்கும் ஃபால்ஸ் கிரிப் வேண்டும். ஜிம்னாஸ்டிக்ஸ் வளையத்தில் மெதுவாக ஏறுபவர்கள் பிடிப்பது அப்படித்தான். அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பயிற்சி என்று பார்த்தால், எண்ணிக்கையைக் குறைத்து உயரத்தைக் கூட்டுங்கள். ஒரு செட்டுக்கு 3 இழுப்பு, ஒவ்வொன்றும் வெடித்த மாதிரி, கம்பி நெஞ்சின் அடியைத் தொட வேண்டும். நடுவில் 2, 3 நிமிடம் முழு ஓய்வு. மூச்சு வாங்க வாங்க எடுத்தால் வேகம் போய்விடும், வேகம் போனால் இந்தப் பயிற்சிக்கே பொருள் இல்லை. டிப்ஸை இரண்டு கம்பிகளுக்கு நடுவே, பாரலல் பாரில் எடுத்துவந்திருந்தால் ஒரே கம்பிக்கு, சிங்கிள் பாருக்கு மாற்றுங்கள். கம்பி நெஞ்சில் படும்வரை இறங்கித் தள்ளிப் பாருங்கள், வேறு உலகமாக இருக்கும். நெஞ்சளவு உயரத்தில் ஒரு கம்பி கிடைத்தால் அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. தரையிலிருந்து குதித்து மேலே போய், அங்கிருந்து மெதுவாக, இழுப்பு தள்ளலாக மாறும் இடத்தில் நின்று நின்று இறங்குங்கள். மேலே போகும்போது கண்ணுக்குத் தெரியாமல் கடந்துபோகிற இடத்தை இறங்கும்போது உடம்பு படித்துக்கொள்ளும்.

கம்பியில் மாட்டிக் காலைத் தாங்கவைக்கும் ரப்பர் பேண்ட் வாங்கலாமா என்றால் வாங்கலாம். ஆனால் அது நன்றாக இழுபட்டிருக்கும் அடியில்தான் அதிகம் தூக்கும். நீங்கள் திணறுவது உச்சியில், அங்கே அது தொய்ந்துவிடும். அதனால் பேண்டோடு 5 எடுக்கிறவருக்கும் பேண்டைக் கழற்றினால் ஒன்றுகூட வராமல் போகலாம். ஆட்டத்தின் நேரம் பிடிபட அதைப் பயன்படுத்துங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். ஒரு முழங்கையை முதலில் மேலே போட்டு, அப்புறம் மற்றதைத் திருகிக் கொண்டுவருவார்கள். பார்க்க ஏறிவிட்ட மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் கீழே தங்கிய தோள் உள்பக்கம் முறுக்கிய நிலையில் உடம்பின் எடையைத் தாங்குகிறது. தோள் கெட இது நல்ல வழி. உயரம் போதாததால்தான் உடம்பு இப்படிக் குறுக்கு வழி தேடுகிறது. அப்படி வந்தால் உடனே நிறுத்திவிட்டு உயர இழுப்புக்கே திரும்புங்கள். பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று என்று செல்போனில் எடுத்துப் பார்த்தால் முழங்கை இரண்டும் சேர்ந்து வருகின்றனவா என்பது தெரிந்துவிடும்.

முழங்கையின் உள்பக்க எலும்பு முனையை அழுத்தும்போது வலித்தால் தசைநார் கெஞ்சுகிறது என்று அர்த்தம். தசை சில வாரத்தில் பலமேறும், தசைநாருக்கு மாதக்கணக்கில் ஆகும். வாரத்துக்கு 2, அதிகம் போனால் 3 நாள் போதும்.

கம்பி விஷயம்: விடிகாலையில் பனி படிந்திருந்தால் துண்டால் துடைத்துவிட்டுத் தொங்குங்கள். கடற்கரையோரக் கம்பி உப்புக்காற்றில் பிசுபிசுப்பாகவே இருக்கும், மெக்னீசியம் சாக் தூள் வைத்துக்கொள்ளுங்கள். கையில் சுழலும் கம்பியில் முயலவே வேண்டாம். முதல் மசில்-அப் வந்ததும் இரண்டாவதைத் தொடர்ந்து எடுக்கத் துடிக்கும். சில வாரம் ஒவ்வொன்றாக, இறங்கி ஓய்வெடுத்து எடுங்கள். முழங்கை இரண்டும் ஒரே நேரத்தில் திரும்புவது வழக்கமான பிறகு தொடர்ந்து எடுக்கலாம்.