விண்டோஸ் ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாறினால் ஃபைல்கள் அழிந்துவிடுமா?

அழியாது. எடிஷன் என்பது ஒரே விண்டோஸின் வேறு வேறு பதிப்பு, அவ்வளவுதான். விண்டோஸ் 11 ஹோம், ப்ரோ இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே. ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர், வெளியிலிருந்து இந்தக் கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் போன்றவை ப்ரோவில் கூடுதலாகத் திறந்திருக்கும். வீட்டு கேபிள் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: கூடுதல் சேனலுக்குப் பணம் கட்டினால் புதுப் பெட்டி வராது, இருக்கிற பெட்டியிலேயே அந்தச் சேனல் தெரிய ஆரம்பிக்கும்.

அதேபோல செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய் ப்ரோவுக்கான 25 எழுத்து கீயை (ப்ரோ வாங்கும்போது கிடைக்கும் குறியீடு) கொடுத்தால் கணினி ரீஸ்டார்ட் ஆகி மாறிவிடும், கல்யாண ஃபோட்டோவும் நிறுவிய மென்பொருளும் இருந்த இடத்திலேயே இருக்கும் (ஆனாலும் முக்கியமானதை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள், நடுவில் கரண்ட் போனாலும் நிம்மதியாக இருக்கலாம்). திரும்பி வருவதுதான் சிரமம், ப்ரோவிலிருந்து ஹோமுக்கு வர முதலிலிருந்து நிறுவ வேண்டும்.

அப்புறம், ப்ரோ போட்டால் கணினி வேகமாகும் என்று பலர் காசைச் செலவழிக்கிறார்கள். வேகம் ப்ராசஸர், ராம், எஸ்எஸ்டி போன்ற உள் பாகங்களைப் பொறுத்தது, எடிஷன் மாற்றினால் அது ஏறாது.